கண்ணாடியில் பார்த்த ரொக்கெட் படம்

தொலைக்காட்சிப் பெட்டி சூடேறும்போது அதன் முதுகிலிருந்து கிளம்பும் கருகிய தூசி வாசனை, கீழே எங்கள் புடவைக் கடையிலிருந்து படியேறி வரும் புதுத் துணியின் கஞ்சி வாசனையோடு கலந்துவிட்டால், அது சனிக்கிழமை மாலை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கண்டி நகரத்தில் எங்கள் தெருவுக்குத் தொலைக்காட்சி வந்த புதிது, அதுவும் எங்கள் வீட்டுக்கு மட்டும். கூரையில் நட்ட கம்பத்தை ஒருவர் திருப்ப, கீழேயிருந்து இன்னொருவர் "இன்னுங் கொஞ்சம்" என்று கத்த, இத்தனை மலைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து வந்த படம் ஒருவாறு நிலைகொள்ளும்போது கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கடைச் சிப்பந்திகள் வருவார்கள். இரும்புக் கடை முதலாளியின் மகன் நிசாம் வருவான். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி உத்தியோகத்தரின் மகன் சிவநேசன் வருவான். எல்லாரும் வந்தது ஆங்கிலத்தில் ஓடிய ஒரு விண்வெளித் தொடருக்காக. அதற்கு நீளமான பெயர் இருந்தது. எங்களுக்கு அது "ரொக்கெட் படம்".

கூடத்தில் இல்லாத ஒருத்தி என் அக்கா வசந்தா. அவள் "பெரிய பிள்ளை" ஆகியிருந்தாள். வெளி ஆண்கள் வந்து உட்காரும் நேரத்தில் உள்ளறையை விட்டு அவள் வரக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். "வெளியாளுங்க இருக்கிற எடத்துல பொம்பளப் புள்ளைக்கு என்ன வேல" என்று அம்மா ஒரு தடவை சொன்னார், மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் உள்ளறையில் இருந்த அலுமாரியின் கதவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று பதித்திருந்தது. அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் கூடத்துத் தொலைக்காட்சி அப்படியே அதில் விழும். கட்டில் ஓரத்தில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து, ரொக்கெட் படத்தின் ஒவ்வொரு பகுதியையும் அக்கா அந்தக் கண்ணாடியில்தான் பார்த்தாள். எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரியும், அவற்றையும் வாசிக்கப் பழகிக்கொண்டாள். நாளடைவில், பார்ப்பது கண்ணாடியில் என்பதே அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

படம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் அவள் என்னைக் குசினிக்குள் பிடித்து வைத்துக்கொள்வாள். பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் பேசப் பேச, நான் பார்த்த படம் வேறு, அவள் பார்த்த படம் வேறு என்று எனக்குத் தோன்றும். ஒரு கிரகத்து மக்களைப் பற்றி, "அங்க ஒரு சின்னப் புள்ளையக் கூட காட்டலையே, கவனிச்சியா? அவங்களுக்குச் சாவு இல்லடா, அதான் புள்ளையும் இல்ல" என்றாள். நான் கவனித்திருக்கவில்லை. மறுநாள் காலை டியூஷன் வகுப்பு முடிந்து வாவிக்கரை மதிலோரம் நாங்கள் கூடிக் கதைக்கும்போது, அதை நானே கண்டுபிடித்தது போலச் சொன்னேன். நிசாமும் சிவநேசனும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அக்காவின் மூளையை எடுத்துக்கொண்டுபோய் என் மூளையாக விற்றேன். பள்ளிக்கூடத்து மூத்த மாணவர்கள்கூட அங்கே நின்று கேட்டுவிட்டுப் போகும் அளவுக்கு எனக்குப் பெயர் வந்தது. வீடு திரும்பியதும் அக்கா, "இன்னைக்கு என்னடா பேசுனீங்க?" என்பாள். "சும்மாதான்" என்பேன்.

நாங்கள் ஓயாமல் கிளறிய பழைய பகுதி ஒன்று உண்டு. கப்பலின் தளபதி ஒரு கிரகத்தில் இறங்குகிறார். திரும்பி வரும்போது அச்சு அசலாக இரண்டு தளபதிகள் வருகிறார்கள். கடைசியில் ஒருவர் கிரகத்துக்கே திரும்பிப் போக, மற்றவர் கப்பலில் உட்கார்ந்து அன்றைய குறிப்பை எழுதுகிறார். எழுதும் கையைக் காட்டிப் படம் முடிந்துவிடும். இருந்தவர் அசலா, போனவர் அசலா என்று தொடர் சொல்லவே இல்லை. மாதக்கணக்காக அதையே பேசிச் சலித்தோம். அது மறுபடி ஒளிபரப்பான அன்று, அக்கா ஈரக் கையோடு என் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னாள்:

"தம்பி, கப்பல்ல இருக்கிறவன் போலிடா. தளபதி எல்லாத்தையும் இடது கையாலதான் செய்வாரு. கடைசியில உக்காந்து எழுதுறவன் வலது கையால எழுதுறான்."

பெட்டிக்கு நேர் முன்னால் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஒரு நாளும் தளபதியின் கைகளைப் பார்த்ததில்லை. மறுநாள் வாவிக்கரையில் குரலை உயர்த்தி அதை அப்படியே ஒப்புவித்தேன்.

சிவநேசன்தான் முதலில் சிரித்தான். "உனக்கென்ன விசரே? அவர் துவக்குப் பிடிச்சுச் சுடுறது, கை குடுக்கிறது எல்லாம் வலக்கையாலதானே. எத்தினை கிழமையாப் பாக்கிறம்."

"முன்னுக்கு ஒக்காந்து பாக்கிறவன் நீ," என்றான் நிசாம். "ஒண்ட கண்ணு முதுகிலயா ஈக்கிது?"

நின்று கேட்ட மூத்த மாணவர்களும் சிரித்தார்கள். "நான் சொல்லல," என்றேன். "எங்க அக்காதான் சொன்னா. அவ அலுமாரிக் கண்ணாடியில பாக்கிறா."

எத்தனையோ ஞாயிறுகள் அவள் பேச்சால் நான் பெயர் வாங்கியபோது வாய்க்கு வராத அவள் பெயர், ஒரு தடவை பிறர் சிரித்ததும் வந்துவிட்டது.

நிசாம் அதை வீட்டில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான். அவனுடைய வாப்பா நல்ல மனிதர், அப்பாவின் நெடுநாள் சிநேகிதர். எங்கள் கடைக்குத் தேநீர் குடிக்க வந்தவர், சிப்பந்திகளும் வாடிக்கையாளர்களும் இருக்க, "மொதலாளி, ஒங்கட மக அலுமாரிக் கண்ணாடியில டீவி பாக்கிறாவாமே, நல்ல மூளக்காரி" என்று பாராட்டாகத்தான் சொன்னார். அப்பாவும் சிரித்தார். அன்று மாலையே இரண்டு சிப்பந்திகளை மேலே வரவழைத்து அலுமாரியை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். துணியில் ஈரம் பிடிக்கிறது என்று அம்மாவிடம் காரணம் சொன்னார். அக்காவை ஒரு வார்த்தை ஏசவில்லை. சனிக்கிழமைகளில் அவள் வத்தேகமவில் அத்தை வீட்டுக்குப் போகட்டும், அத்தைக்கு ஒத்தாசையாக இருக்கும் என்று மட்டும் முடிவாயிற்று. அத்தை வீட்டில் தொலைக்காட்சி இல்லை.

முதல் சனிக்கிழமை பஸ்ஸுக்குப் புறப்படும் முன் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "அப்பாவுக்கு யாருடா சொன்னது?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் நம்பினாள். "நீ பாத்துட்டு வந்து எனக்குக் கதை சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சில வாரங்கள் சொன்னேன், பிறகு பாதிப் பாதியாகச் சொன்னேன், பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். வாவிக்கரையிலும் என்னிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. தொடர் முடிந்தது. அக்காவைத் தெல்தெனியவில் ஒரு கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நான் படித்துப் பட்டம் வாங்கினேன், உத்தியோகம் பார்த்தேன், ஓய்வும் பெற்றேன்.

சென்ற மாதம் என் பேரன் எனக்குக் கைத்தொலைபேசியில் ஒரு குழுவைக் காட்டினான். உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இருக்கும் அந்தத் தொடரின் ரசிகர்கள், நரைத்த தலைகள்தாம் பெரும்பாலும், அதே பழைய பகுதியைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காட்சிகளை வரிசையாகப் போட்டு விளக்கியிருந்தார்: தளபதி எப்போதும் வலக்கைக்காரர், கடைசிக் காட்சியில் குறிப்பு எழுதுவது இடக்கை, ஆகவே கப்பலில் இருப்பவன் போலி. ஆகா, இத்தனை காலம் இதை யாரும் பார்க்கவில்லையே என்று எல்லாரும் வியந்திருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நடந்தேன், மறுபடி வந்து வாசித்தேன். கண்ணாடி கைகளைத்தான் மாற்றியிருந்தது. அக்காவின் யோசனையில் ஒரு பிழையும் இல்லை. கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் அன்றே எங்களுக்கு விளங்கியிருக்கும். நாங்கள் சிரித்தோம்.

அன்றே குண்டசாலைக்குப் பஸ் ஏறினேன். கணவர் காலமான பின் அக்கா அங்கே மகளோடுதான் இருக்கிறாள். பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தவளின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்: அவள் சொன்னவற்றை என்னுடையதாகச் சொல்லித் திரிந்ததை, சிரித்ததும் அவளைக் காட்டிக்கொடுத்ததை, தெரியாது என்ற பொய்யை. தொலைபேசியில் அந்தக் கடைசிக் காட்சியையும் காட்டினேன். எழுதும் கை வரும் வரை பார்த்தாள். அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அழுவாள் என்றும் எதிர்பார்த்தேன்.

"அப்போ நான் சொன்னதையெல்லாம் அவங்க கேட்டாங்களா?" என்றாள்.

"கேட்டாங்கக்கா. வாரா வாரம் கேட்டாங்க. நெறையப் புகழ்ந்தாங்க."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "என்னடா சொன்னாங்க?"

கடை கைமாறிவிட்டது, வீட்டை இடித்துவிட்டார்கள், நிசாமும் சிவநேசனும் எந்தத் தேசத்தில் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்கள் நிமிர்ந்து பார்த்த பார்வை நினைவிருக்கிறது, என் நெஞ்சு நிமிர்ந்தது நினைவிருக்கிறது. அவளுக்குச் சேர வேண்டிய அந்தப் பேச்சில் ஒரு வாக்கியம், ஒரு சொல், எவ்வளவு துழாவியும் எனக்குள் கிடைக்கவில்லை.

அக்கா என் முகத்தையே பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள்.