பெட்டியில் எழுதாத எடை

கம்பியில்லாத வாக்குவம் கிளீனர் ஒன்றை வடிவமைப்பதில் எனக்கு இரண்டு வருடம் போனது. அலுவலகம் மலையாள நாட்டில், கழக்கூட்டத்தில். மெலிதாக இருக்க வேண்டும், லேசாக இருக்க வேண்டும். எங்கள் மேலாளர் வேறு எதையும் கேட்கவில்லை. நான் கிராம் கிராமாகக் குறைத்தேன். திருகாணிகளைச் சின்னதாக்கினேன், பிளாஸ்டிக் உடம்பை உள்பக்கம் சுரண்டினேன், குழாயை மெலிய வைத்தேன். ஒருநாள் நான்கு கிராம் குறைந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீக்கடையில் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். இந்த இரண்டு வருடத்தில் என் வீட்டுத் தரையை ஒருமுறைகூட நான் பெருக்கியதில்லை. அதில் எதுவும் விசித்திரமாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வீடு ஊருக்குள், வலியசாலை என்ற பகுதியில். தெருவிலிருந்து கொல்லைவரை ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து அறைகள், நடுவே நான்கு நிலைப்படிகள். பெருக்கித் துடைக்க ஆறு வருடமாக ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். கணவருக்குக் கட்டட வேலை. எங்கள் வீட்டை முடித்துவிட்டு அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்குப் போவார்.

முதல் மாதிரி தயாரானதும் வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். கட்டிலுக்கு அடியில் தாராளமாகப் போகட்டும் என்று அதன் கீழ்ப்பகுதியை ஒல்லியாக்கியிருந்தோம். அதற்காக மோட்டாரும் பேட்டரியும் மேலே, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஏறிவிட்டன. சின்ன பேட்டரி, சார்ஜ் வீணாகக் கூடாது. ஆகவே சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்திருந்தால்தான் ஓடும். எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அலுவலகப் படிவத்தை எடுத்தேன். பதினோரு கேள்விகள், மலையாளத்தில். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும் என்பதால் நானே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். எடை எப்படி, பிடி எப்படி, சத்தம் எப்படி. எல்லாவற்றுக்கும் “கொள்ளாம் சார்” என்றார். நன்றாக இருக்கிறது என்பதற்கு இந்த ஊர்ச் சொல். பதினோரு “கொள்ளாம்”களையும் மேலாளர் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார். மெஷினில் குப்பையே சேரக் காணோமே என்று என் மனைவி மட்டும் கேட்டாள். நம் வீடு அவ்வளவு சுத்தம் என்று பதில் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு ஹர்த்தால். பஸ் இல்லை, நான் வீட்டில் இருந்தேன். பக்கத்திலேயே குடியிருப்பதால் அந்தப் பெண் வழக்கம்போல வந்துவிட்டார். நான் முன்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சத்தம் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்றாவது அறை ஏற்கெனவே பெருக்கியாகிவிட்டது. விளக்குமாறு சுவரோரம் சாய்ந்திருந்தது. அவர் இடது கையால் மெஷினை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் காய்ந்த துணிகளைக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் விரலை எடுத்தார். மெஷின் நின்றது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

“ரெண்டாம் நாள்லேருந்து. நீங்க ஆபீசுக்குக் கெளம்புறப்ப சத்தத்துக்குக் காத்திருப்பியள்லா, அதான்.”

லேசாகத்தானே இருக்கிறது என்றேன்.

“தூக்கிப் பாத்தா லேசுதான் சார். தூத்துப் பெருக்கிப் பாத்தாத்தான் கனக்கு. கனமெல்லாம் மேல, கையிலயே நிக்கி. ஒவ்வொரு படியிலயும் தூக்கித் தாண்டணும். விரல எடுத்தா நின்னு போகுது. இங்க முடிச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போனா பாத்திரம் புடிக்க முடியல.”

அப்படியானால் படிவத்தில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க செஞ்சதுன்னு சொன்னிய. மூஞ்சிக்கு நேர வேற என்னத்தச் சொல்ல?”

மறுநாள் முதல் அதே மெஷினால் நானே பெருக்கினேன். நான்கு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் மணிக்கட்டு வீங்கி, காப்பி டம்ளரை இடது கையால் பிடித்தேன். அலுவலகத்தின் சோதனை அறையில் தரை வழவழவென்று ஒரே மட்டமாக இருக்கும். அங்கே யாரும் மூன்று நிமிடத்துக்கு மேல் பெருக்கியதில்லை, நான் உட்பட.

வடிவத்தை மாற்றினேன். மோட்டாரையும் பேட்டரியையும் கீழே இறக்கினேன். சுவிட்சை ஒருமுறை தட்டினால் போதும் என்று ஆக்கினேன். கட்டிலுக்கு அடியில் இனி பாதிதான் போகும். குழாயைத் தடிப்பாக்க வேண்டியிருந்ததால் மொத்த எடையும் இருநூறு கிராம் கூடியது. ஆனால் கையில் பிடித்தால் பழையதைவிட லேசு. புது மாதிரியை அவரிடம் கொடுத்தபோது நான் எதுவும் கேட்கவில்லை. அன்று விளக்குமாறு வெளியே வரவில்லை.

மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. கையில் எப்படி இருக்கிறது என்பதைப் பெட்டியில் அச்சடிக்க முடியாது, எடையைத்தான் அச்சடிக்க முடியும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்று வாரம் வாதாடினோம். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: பேட்டரியைக் கழற்றிவிட்டு எடைபோட்டு, அந்த எண்ணைப் பெட்டியில் போடலாம். அப்போது பழைய எண்ணைவிடக் குறைவாகவே வரும். பேட்டரி இல்லாமல் அது ஒரு பிளாஸ்டிக் கம்பு என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன். வெளியீட்டு நாளில், வீட்டுப் பெண்களின் குரலைக் காதுகொடுத்துக் கேட்டு உருவாக்கியது என்று அவர் மேடையில் பேசினார். நானும் கைதட்டினேன்.

எங்கள் தெருவில் அந்தப் பெண் வேலை பார்க்கும் இன்னொரு வீட்டில் அதை வாங்கினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. சில மாதம் கழித்து, அங்கே எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

“நல்லா ஓடுது சார். சீக்கிரம் முடிஞ்சிருது. கால் மணி நேரம் மிச்சம் இருக்குல்லா, அதனால காரையும் தொடைக்கச் சொல்லிட்டாவ.”

குறையாகச் சொல்லவில்லை, ஊர்ச் செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார். கை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். பெரிய வண்டி, மேற்கூரை எட்டவில்லை, ஏறி நிற்க ஒரு ஸ்டூல் கேட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.