ஒரே மூச்சில் வாசித்தவள்

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா என்னை வாசிக்கச் சொல்வார். மூன்றாம் வகுப்பிலேயே நான் பேப்பரை எடுத்தால் கமா, முற்றுப்புள்ளி எதற்கும் நிற்காமல் கடைசி வரிவரை ஓடிவிடுவேன். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அப்பா என்னைப் பார்க்க மாட்டார், அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். என்னைவிட ஒரு வயது இளைய தம்பியை யாரும் வாசிக்கச் சொன்னதில்லை. அவன் எழுத்து எழுத்தாக விரல் வைத்து முடிப்பதற்குள் வந்தவர் காபி ஆறிவிடும்.

ஆயக்குடியில் எங்களுக்கு ஒரு சின்னக் கொய்யாத் தோப்பு. வழக்கமான மருந்து என்றால் அப்பாவுக்கு அத்துப்படி. அன்று காலையில் அடித்தது கடைக்காரர் கொடுத்த புது மருந்து. மறுநாள் விடிந்ததும் பறிப்பு, வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது. சாயங்காலம் மாமா வந்தார். வாசிக்க வேறெதுவும் கைக்கு எட்டாததால், மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த சீட்டை அப்பா நீட்டினார். அதையும் ஒரே மூச்சில் முடித்தேன்.

"ஆத்தாடி, டிவியில செய்தி வாசிக்கிற புள்ள தோத்துச்சு போ" என்றார் மாமா. சீட்டில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

நான் கீழே போட்டதைத் தம்பி எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்தான். மாமா முறுக்கைத் தின்று, ஊர்க்கதையெல்லாம் பேசி முடிக்கும்வரை அவன் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. பிறகு வந்து அப்பாவின் சட்டையை இழுத்தான்.

"மருந்தடிச்சா ஏழு நாளைக்குக் காய் பறிக்கக் கூடாதாம்ப்பா. அப்புறம் எதுக்கு நாளைக்கு வண்டி வருது?"

அவன் விரல் இருந்த இடத்தை அப்பா குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "தின்ன புள்ளைகளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா..." என்று முனகினார். வண்டிக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். தம்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அதைத்தானே நானும் வாசிச்சேன்" என்று காலை உதைத்து அழுதேன். நான் அரை நிமிஷத்தில் முடித்ததை அரை மணி நேரம் இழுத்தவனுக்கு மடியா? சாப்பாடு வேண்டாம் என்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

தம்பி என் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே செத்த நேரம் பார்த்தான்.

"நீதான்க்கா நல்லா வாசிக்கிறே" என்றான்.

ஊரே ஒப்புக்கொண்டதை இவனும் ஒருவழியாக ஒப்புக்கொண்டான் என்று நினைத்து, நிம்மதியாகச் சாப்பிட்டேன்.