கையுறைக்குள் வைத்த கறி

டேல் ஹ்ருஸ்கா எனக்கு முப்பத்தெட்டு டாலர் கடன்பட்டிருந்தான். பாதி சாப்பாட்டுக் கணக்கு, மீதி பச்சை மாட்டுக்கறி வாங்கின கணக்கு.

இன்றைக்கு மெர்ல் வோஸ் என்றால் நான்கு ஊரில் சலவைக்கடை வைத்திருப்பவன் என்று அயோவாவில் பலருக்குத் தெரியும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாரும் எனக்கு எதையும் தூக்கிக் கொடுத்ததில்லை. கார்வின் ஊர் பேஸ்பால் மைதானத்தில் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைதான் என் முதல் பட்டறை. அவர்களுடைய உடுப்பைத் துவைப்பேன், காலணிச் சேற்றைச் சுரண்டுவேன், ஆட்டம் முடிந்ததும் சாப்பாடு எடுத்து வைப்பேன். சாப்பாட்டுக்கு முதலில் போடுவது என் கைக்காசு. சம்பள நாளில் ஆளாளுக்குத் தங்கள் பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்பது வழக்கம். அணியிலிருந்து நீக்கப்பட்டவன் மட்டும் சொல்லாமல் பின்கதவு வழியாகப் போய்விடுவான். அதுவும் வழக்கம்தான். அந்தக் காசை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சீசன் தொடங்கும் ஏப்ரலில் எல்லாரும் வீரர்கள். சீசனின் இரண்டாம் பாதி வரட்டும், அப்போது தெரியும். வெயில், ராத்திரி பஸ் பயணம், லீவே இல்லாத ஆட்டம். ஆகஸ்ட் வந்தால் எனக்கு ஒரு வேலை கூடும்: இளைத்துப் போனவர்களின் பெல்ட்டில் கத்தி முனையால் புதுத் துளை போடுவது. டேல் கடன்பட்ட அந்த வருஷம் முதல் பாதியில் எங்கள் அணிதான் முதலிடம். இரண்டாம் பாதியில் பந்தெறியும் எங்கள் நல்ல பிட்சருக்குத் தலைவாரக்கூடக் கை தூக்க வரவில்லை. மட்டை பிடித்தவர்கள் எல்லாரும் தண்ணீருக்குள் நின்று வீசுவது போல வீசினார்கள்.

டேல் எங்கள் கேட்சர். பிட்சர் எறியும் பந்தையெல்லாம் குந்தி உட்கார்ந்து பிடிப்பவன். நெப்ராஸ்காவில் சோளம் விதைக்கும் குடும்பம். இருபத்தெட்டு வயதாகியும் அடிமட்ட அணியிலேயே கிடந்தான். அவன் மனைவி லோரெய்ன் முட்டையைப் பெட்டியில் அடுக்கும் ஆலையில் நின்று வேலை செய்துதான் வீட்டு வாடகை கட்டினாள். அந்த வருஷம் என்ன நேர்ந்ததோ, முதல் பாதி முழுக்க வெளுத்து வாங்கினான். மேனேஜர் ட்ராஸ்க் எல்லார் முன்னாலும் சொன்னார்:

“ஆகஸ்ட் முடியிற வரைக்கும் இப்படியே அடி. செப்டம்பர்ல பெரிய அணிக்கு உன்னை அனுப்பச் சொல்றேன்.”

டேல் அன்று சாப்பிடவே இல்லை. “அங்க ஒரே ஒரு ஆட்டம் போதும் மெர்ல். அப்புறம் சாகுற வரைக்கும் சோளம் விதைப்பேன்” என்றான்.

ஜூலையில் ஒருநாள், எந்தப் பந்து எறிய வேண்டும் என்று டேல் காட்டிய சைகையைப் பிட்சர் மாற்றிப் புரிந்துகொண்டான். டேல் வளைந்து வரும் பந்துக்குக் கை வைத்திருக்க, வந்தது வேகப்பந்து. இடது கை ஆள்காட்டி விரல் அடி மூட்டில் பிசகி வீங்கிவிட்டது. மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன் என்னிடம் வந்தான்.

“சாப்பாட்டுக்கு வாங்குற கறியில மெல்லிசா ஒரு துண்டு வெட்டிக் குடு. பச்சையா. டெய்லி வேணும்.”

“நாய் வளக்குறியா?”

“கையுறைக்குள்ள வைக்க. மெத்தை மாதிரி இருக்கும். பழைய கேட்சருங்க இதத்தான் செஞ்சாங்க.”

“வெரலப் பாருடா, கத்திரிக்கா மாதிரி இருக்கு. மேனேஜர்ட்ட சொல்லு.”

“சொன்னா உக்கார வெச்சிருவாரு. அம்பதாயிரம் குடுத்து ஒருத்தனக் கூட்டியாந்திருக்காங்களே, அவன் என் எடத்துல நிப்பான். அப்புறம் நான் எழுந்திருக்கவா?”

அறையில் கேட்டது அறைக்கு வெளியே போகக் கூடாது. என் தொழிலுக்கு நான் ஒருநாளும் துரோகம் செய்ததில்லை. கறியை வெட்டிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் வெயிலில் அது நாறியது. எதிரணிக்காரர்கள் மட்டையோடு வந்து நின்று மூக்கைப் பிடிப்பார்கள்.

“ஹ்ருஸ்கா, இன்னும் வேகலையாடா?”

“உனக்கில்லடா. உங்கம்மா முன்னாடியே சொல்லி வெச்சிட்டாங்க.”

பேச்சு குறையவில்லை, அடி குறைந்தது. மட்டையின் அடிப்பக்கத்தை இறுக்க வேண்டிய கை அதுதான். பந்து மட்டையில் பட்டாலே முகம் வெளுக்கும். பத்துமுறை நின்றால் ஒன்று அடித்தான், பிறகு அதுவும் இல்லை. “கெழவா, வீட்டுக்குப் போ!” என்று எங்கள் ஊர்க்காரர்களே கத்தினார்கள். ஒருநாளாவது விட்டுக்கொடுப்பானா? மாட்டான்.

அவன் செய்த பிழை கேட்சர் மட்டுமே செய்யக்கூடியது. விரலிடுக்கில் தோல் பிளந்திருந்தது. அந்தப் பிளவின் மேலேயே பச்சைக் கறியை வைத்து நாளெல்லாம் பந்து பிடித்தான். மாதக் கடைசியில் ஓர் ஆட்டத்தின் நடுவே கையுறை கழல மறுத்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. பெல்ட்டில் துளை போடும் என் கத்தியால்தான் கையுறையை அறுத்தேன். உள்ளே இருந்ததில் எது கறி, எது கை என்று சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மீதி விரல்கள் மடங்கவில்லை.

“ஏண்டா எங்கிட்ட சொல்லல?” என்றார் ட்ராஸ்க்.

“சொல்லியிருந்தா அனுப்பியிருப்பீங்களா?”

ட்ராஸ்க் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். டேலை அணியிலிருந்து நீக்கும் தாள் அன்று மாலையே வந்தது. செப்டம்பரில் எங்கள் அணியிலிருந்து மேலே யாரும் போகவில்லை. அந்த ஐம்பதாயிரக்காரனும் ஆகஸ்டில் சுருண்டுவிட்டான்.

கடைசி ஆட்டத்தன்று எல்லாரும் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது முன்கதவு திறந்தது. டேல். இடது கையில் பெரிய கட்டு. வெளியே காரில் லோரெய்ன் என்ஜினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். அறையில் ஒருவனும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனைப் பிடித்த கெட்ட நேரம் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்.

நேரே என்னிடம் வந்து நோட்டுகளை எடுத்தான்.

“வேணாம்னு மட்டும் சொல்லிடாத மெர்ல்.”

“நான் எதுக்குச் சொல்லணும்? என் காசு.”

அவன் சிரித்த மாதிரி இருந்தது. இடது கையால் எதையும் பிடிக்க முடியவில்லை. நோட்டுக்கட்டை அந்தக் கை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக உருவினான். நான் உள்ளங்கையை விரித்து நீட்டினேன். அவசரப்படுத்தவில்லை.

“பத்து… இருபது… முப்பது.”

பிறகு ஒரு டாலர் நோட்டுகள். ஒன்று கீழே விழுந்தது. நான் குனியவில்லை, அவனே குனிந்து எடுத்தான். தொடையில் வைத்து நீவி, மற்றவற்றின் மேல் வைத்தான்.

“முப்பத்தெட்டு.”