வலப்பக்கம் குத்திய பதக்கம்

"அப்ப இது யாரோட மெடலு?"

குடியரசு தினத்தன்று காலை, பருத்திப்பட்டில் எங்கள் காலனிக் கொடிக்கம்பத்தின் அடியில் அந்தக் கேள்வி எழுந்தது. இதை எழுதுகிற நானும் அங்கே இருந்தேன். கேட்டவர் சங்கத் தலைவர் தமிழ்வாணன், ஓய்வு பெற்ற சுபேதார். கேட்கப்பட்டவர் பள்ளி வேன் ஓட்டும் ஜோசப்ராஜ். பக்கத்தில் முகம் வெளிறி நின்றவர் ஜோசப்ராஜின் மனைவி லூர்தம்மாள்.

ஜோசப்ராஜின் வேனில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் ஏறுவதற்கு முன் வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரின் பைவாரை இழுத்துப் பார்த்து, முதுகில் தட்டி, "ஓகே" சொல்ல வேண்டும். கடைசிப் பிள்ளையின் முதுகை ஜோசப்ராஜே தட்டுவார். "அவனவன் முதுகு அவனவனுக்குத் தெரியாது இல்ல?" என்பார். பாராசூட் படையில் விமானத்திலிருந்து குதிக்கும் முன் செய்யும் சோதனை அது. அவர் அந்தப் படையில் இருந்தவர், கார்கில் போரில் வீரத்துக்கான சேனா பதக்கம் வாங்கியவர். ஊருக்கு அவ்வளவுதான் தெரியும். லூர்தம்மாள் கேட்டால்கூட, "செம குளிரு. வேற இன்னா சொல்றது?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த ஆண்டு அவர்தான் கொடியேற்ற வேண்டும் என்று சங்கத்தில் முடிவானது. லூர்தம்மாள் காலையில் தேவாலயத்தில் முதல் பூசைக்குப் போய்வந்து, அவருடைய பாராசூட் படையின் மெரூன் தொப்பியைத் துடைத்து வைத்தார். பதக்கத்தை மட்டும் ஜோசப்ராஜே குத்திக்கொண்டார். வலது பக்கம்.

எங்களுக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன? பட்டாளத்துக்காரருக்கு அப்படி இல்லை. தான் வாங்கிய பதக்கம் இடது மார்பில் இருக்க வேண்டும். போரில் இறந்தவரின் பதக்கத்தை அவர் வீட்டார் வலது மார்பில் அணிவார்கள். அந்த முறை தெரிந்ததால்தான் தமிழ்வாணனுக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னாடி லூர்து, வாடகை மெடலா?" என்று பின்னாலிருந்து பக்கத்து வீட்டு நாகம்மா கிண்டலடித்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேரின் பிள்ளைகள் வேனில் வருகிறவர்கள். லூர்தம்மாள் கணவரைப் பார்த்தார். இந்த மனுஷன் சேர்த்த சொத்தே நல்ல பேர் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால்?

"ஏங்க, வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

ஜோசப்ராஜ் பதக்கத்தைக் கழற்றித் தமிழ்வாணனிடம் நீட்டினார். தமிழ்வாணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதன் ஓரத்தில் பொறித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஜோசப்ராஜ் பெயர்தான்.

"உன் பேருதான் கீது. அப்புறம் ஏன்யா அந்தப் பக்கம்? இதுகூட தெரியாமலா சர்வீஸ் போட்ட?"

"தெரியும் சாப்." ஜோசப்ராஜ் சொல்ல ஆரம்பித்தார். "கார்கில்ல ஒரு மலை. விடிஞ்சிகினு வருது. மேல பங்கர்லேர்ந்து மிஷின்கன்னு உடாம அடிக்கிது. நம்ம பசங்க ரெண்டு பேரு அடிபட்டு வெட்டவெளியில கெடக்கறாங்க. நான் போறேன்னேன். தேவேந்தர்னு ஒரு மலைக்காரப் பையன், எனக்கு ஜோடி. பிளேன் கதவாண்ட தட்டுற மாதிரியே முதுகுல தட்டி 'ஓகே'ன்னான். ஊர்ந்து போனேன். தோள்ல ஒரு குண்டு வாங்கனேன். கிரனேடு உள்ள போட்டுட்டு நானும் உள்ள பூந்தேன். மிஷின்கன்னு நின்னுச்சி."

"அதுக்குத்தான் மெடலா?"

"ஆமா சாப். ஆனா பக்கத்துலயே இன்னொரு பங்கர் இருந்திச்சி. எவனும் பாக்கல. நான் வெளிய வந்தப்ப அதுலேர்ந்த மிஷின்கன்னு என் முதுகுக்கு நேரா திரும்புது. தேவேந்தர் பாத்துட்டான். பாறைக்குப் பின்னாலேர்ந்து எழுந்து நின்னுகினு கத்தறான், சுடறான். எல்லா குண்டும் அவன் பக்கம் போச்சி. அந்த நேரத்துல நான் ரெண்டாவது பங்கரையும் அடிச்சேன். அடிபட்ட பசங்க உயிரோட ஊடு போய்ச் சேந்தாங்க. அவன் போவல."

தமிழ்வாணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன் எழுந்து நின்னத பாத்தவன் நான் ஒருத்தன்தான். ரத்தம் போயி உழுந்த நான் ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்கவே ரொம்ப நாளாச்சி. அதுக்குள்ள மெடலு லிஸ்ட்டு போயிடுச்சி. அவனுக்கு மெடலு வரல சாப். அவன் ஊட்டாளுங்க வலது பக்கம் குத்திக்க ஒண்ணும் இல்ல. நானும் அவன் ஊட்டாளுதானே?"

பதக்கத்தை வாங்கி, மறுபடி வலது பக்கமே குத்திக்கொண்டார். தமிழ்வாணன் விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். பிறகு மெல்ல நடந்து ஜோசப்ராஜின் பின்னால் போய், அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

"ஓகே."

வேன் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அது அவர்களுடைய விளையாட்டாயிற்றே! கொடி ஏறி விரிந்தது. மடிப்பிலிருந்து உதிர்ந்த சாமந்தி இதழ்கள் மெரூன் தொப்பியிலும் நாகம்மாவின் தலையிலும் விழுந்தன. நாகம்மா மிட்டாய்த் தட்டோடு முதலில் லூர்தம்மாளிடம்தான் வந்தார். "கோச்சிக்காதடி" என்று இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் லூர்தம்மாள் சொன்னார்: "ஞாயித்துக்கெழம பூசையில தேவேந்தருக்கும் ஜெபிக்கச் சொல்லப் போறேன்."

"அவன் இந்துடி."

"அதனால இன்னா? உங்க முதுகப் பாத்தவரு. கடவுளுக்கு அடையாளம் தெரியாமலா போவும்?"

ஜோசப்ராஜ் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து லூர்தம்மாள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

தேவேந்தருக்குப் பதக்கம் இல்லை. இந்தக் கதைதான் இருக்கிறது. அதனால் ஒன்று கேட்கிறேன்: இதை வாசித்தவர்கள் இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். சொல்லும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.