கீழிருந்து மேலாக வாசித்தவர்

திரையின் மேல் ஸ்கேல் வைத்து வாசிப்பார். பள்ளிப் பிள்ளைகள் டப்பாவில் வைத்திருக்கும் ஆறு அங்குல மர ஸ்கேல்தான். அதன் விளிம்பை ஒரு வரியின் கீழே அணைத்து வைப்பார், வாசிப்பார், உதட்டைப் பிதுக்குவார், ஸ்கேலை ஒரு வரி மேலே நகர்த்துவார். மேலேதான், கீழே அல்ல. நாங்கள் தட்டிய ஓர் ஆவணம் அச்சுப் பக்கமாக மாற மாட்டேன் என்று அடம்பிடித்தால், நடந்தது அத்தனையையும் மிஷின் ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அதற்கு லாக் என்று பெயர். நாங்கள் அதை மேலிருந்து வாசிக்கத் தொடங்கிப் பத்தாவது வரியில் கொட்டாவி விடுவோம். அவர் கடைசி வரியில் தொடங்குவார்.

"விழுந்த எடத்துலேர்ந்து தேடணும்பா. கெளம்பின எடத்துலேர்ந்து தேடினா எப்ப வீடு போய்ச் சேர்றது?"

அலுவலகத்தில் அவர் பெயர் ஸ்கேல் அண்ணன்.

கணக்கு, அறிவியல் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் கட்டும் அலுவலகம் எங்களுடையது. ஏழு நாற்காலிகள், திறக்காத ஒரு ஜன்னல். எடிட்டர் என்ற மென்பொருளில் வெறும் எழுத்தாகத் தட்டுவோம். அதில் சேர்த்திருக்கும் பிளகின் என்ற துணை நிரல், ஒரு விசையை அழுத்தினால் அதைப் பக்கமாக்கி வலப்புறம் காட்டும். தினம் ஒருமுறையாவது யாருக்காவது அது மக்கர் பண்ணும். "அண்ணே" என்று குரல் போகும். நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே அவர் கேட்பது ஒன்றுதான்: "சுத்தம் பண்ணியாச்சா?"

'சுத்தம் செய்' என்பது அந்த பிளகினில் ஒரு கட்டளை. முந்தைய ஓட்டங்களில் மிஞ்சிய கோப்புகளை, லாக் உட்பட, துடைத்துவிடும். பாதி வியாதி அதிலேயே தீர்ந்துபோகும். பிழைதிருத்தும் அக்கா ஒருநாள் தலைவலி என்று படுத்ததற்கும் அதையே கேட்டார். "துடைக்கிற அளவுக்கு உள்ள என்ன இருக்கு, எல்லாத்தையும்தான் உங்க அல்ஜீப்ரா தின்னுடுச்சே" என்றார் அக்கா, மேசையிலிருந்து தலையைத் தூக்காமல்.

என் கீபோர்டுக்கு அடியில் கிடந்த கவிதைப் புத்தகத்தை ஒருமுறை உருவிப் புரட்டினார். "யாருப்பா இதுக்குப் பக்கம் கட்டினது? ஒரு வரியும் ஓரம் வரைக்கும் போகலியே." பிறகு ஒரு பக்கத்தில் ஸ்கேலை வைத்துக் கடைசி வரியிலிருந்து மேலாக வாசித்தார். "இப்படியும் நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பித் தந்தார். அன்றிரவு நானும் அப்படி வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை.

அண்ணனின் மனைவி பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். வீட்டிலும் அவரை அண்ணன் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். கணக்குக்குப் பயப்படும் பிள்ளைகளுக்காக டீச்சர் ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். தட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணன். அப்போது நடந்த பேச்சை அவரே எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்.

"மிஷின் எழுதுதே, அந்த ஃபைலுக்கு என்ன பேரு?"

"லாக்."

"என்ன ஆச்சுன்னு எல்லாத்தையும் எழுதுமா?"

"ஒண்ணு விடாம."

"அப்ப நானும் ஒண்ணு எழுதுறேன்."

புத்தகம் இருந்த அதே ஃபோல்டரில் 'டீச்சர்' என்று ஒரு கோப்பைத் திறந்து, பெயரின் வாலில் லாக் என்றும் ஒட்டிவிட்டார் டீச்சர். நோயில் படுத்த படுக்கையாக இருந்த ஐந்து மாதமும் மடிக்கணினியை வயிற்றில் சாய்த்துக்கொண்டு அதில் எழுதினார். அண்ணன் எட்டிப் பார்த்தால் மூடிவிடுவார். "புக் முடியட்டுங்க, அப்புறம் படிங்க. இப்பவே படிச்சா நீங்க புக்கை முடிக்க மாட்டீங்க."

டீச்சர் போனபோது பதினோரு அத்தியாயம் முடிந்திருந்தது. பன்னிரண்டாவதும் விடைகளும் கையெழுத்துத் தாள்களாக இருந்தன. அண்ணன் மடிக்கணினியை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு நேரத்தில் அரைமணி அரைமணியாகத் தட்டினார். அந்தக் கோப்பை மட்டும் திறக்கவில்லை.

"ஒரே ஒரு வரி பாத்தா யாருண்ணே கேக்கப் போறா?" என்றார் அக்கா.

"டீச்சர் கேப்பா."

கடைசி விடையைத் தட்டி முடித்த நாள் ஒரு வியாழக்கிழமை. அன்று காலைதான் பிளகின் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. விசையை அழுத்தினார். வலப்புறத்தில் நேற்றைய பக்கமே அசையாமல் நின்றது. மூடித் திறந்தார். அதே பக்கம். டீச்சரின் புத்தகம் அதுவரை ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை.

அக்காவுக்குத் திருப்பிக் கேட்க நல்ல சந்தர்ப்பம். "அண்ணே, சுத்தம் பண்ணியாச்சா?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே 'சுத்தம் செய்' கட்டளையை அழுத்தினார். விரலுக்கு இருபது வருடப் பழக்கம். அது மனசைக் கேட்டுக்கொண்டா போகும்?

பக்கம் அப்போதும் வரவில்லை. மறுபடி ஓடவிட்டு, புதிதாக வந்த லாக்கில் ஸ்கேலை வைத்தார். கீழிருந்து மூன்றாவது வரியில் பிடித்துவிட்டார். ஃபோல்டரின் பெயரில் இரண்டு சொற்களுக்கு நடுவே டீச்சர் ஓர் இடம் விட்டிருந்தார். பழைய பிளகின் அதைப் பொறுத்துக்கொண்டது, புதியது பொறுக்கவில்லை. அந்த இடத்தை அடைத்ததும் இருநூற்றெட்டுப் பக்கமும் மளமளவென்று வந்து விழுந்தன. துடைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"வந்துடுச்சு" என்றார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஃபோல்டரைத் திறந்தார்.

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். கோப்புகளின் பட்டியல் மேல் ஸ்கேலை வைத்துக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். உச்சியில் ஸ்கேல் நின்றது. நான் பார்த்தறியாத ஒன்றை அப்போது செய்தார்: மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

லாக் என்று முடியும் பெயரோடு இருந்த டீச்சரின் கோப்பும் அந்தத் துடைப்பில் போயிருந்தது. பிளகின் துடைத்தது குப்பைத்தொட்டிக்குக்கூடப் போவதில்லை. மறுநாள் ரிப்பேர்க்காரர் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து தேடினார். பாதி உடைந்த நாலைந்து புகைப்படங்கள் கிடைத்தன. "இந்த மாதிரி டிஸ்க்குல போனது போனதுதான் சார்" என்று பையை மூடினார்.

அக்கா அழுதுவிட்டார். "என் வாய்தான் அண்ணே. சும்மா இருந்திருக்கலாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, பாழாப்போன பிளகின்?"

"உன் வாய் மேலயும் தப்பில்லம்மா, பிளகின் மேலயும் தப்பில்ல" என்றார் அண்ணன். "சொன்னதைத்தான் செஞ்சிருக்கு." ஸ்கேலை இழுப்பறையில் வைத்து மூடினார். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் வந்து உதவினார். ஆனால் சுத்தம் பண்ணியாச்சா என்று கேட்கவில்லை.

வெளியூரில் படிக்கும் மகள் அந்த வாரம் கூப்பிட்டாள். அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"முடிஞ்சிடுச்சும்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு. … இல்லடா, அம்மாவோட லாக்கை இன்னும் படிக்கல. புக் அச்சாகி வரட்டும்." மகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "ஆமா, ரெண்டு பேரும் சேர்ந்தே படிக்கலாம்."

புத்தகம் அச்சாகி டீச்சரின் பள்ளிக்குப் போனது. எங்களுக்கும் ஆளுக்கு ஒரு பிரதி தந்தார். வருடக் கடைசியில் வேலையை விட்டு மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். அங்கே அவளிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து வேறொரு கோளாறைத் தேடி, அந்த பிளகினின் பழைய மாற்றக் குறிப்புகளைக் கடைசியிலிருந்து மேலாக வாசித்துக்கொண்டு போனேன். முன்பெல்லாம் 'சுத்தம் செய்' கட்டளை, ஆவணத்தின் பெயரிலேயே உள்ள லாக்கை மட்டும்தான் அழித்திருக்கிறது. அதையும் கேட்டுவிட்டுத்தான் அழித்திருக்கிறது. டீச்சர் தன் கோப்பைத் திறப்பதற்கு ஆறு வருடம் முன்பு அதை மாற்றியிருக்கிறார்கள். ஃபோல்டரில் உள்ள எல்லா லாக்கும், கேள்வியில்லாமல். 'பயனர் ஒருவரின் நல்ல யோசனை, நன்றி' என்று எழுதி, அவர் அனுப்பிய கடிதத்தையும் இணைத்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்தின் பெயர், கீழே அண்ணனின் பெயர். வேலை மிகுந்த இடத்தில் பழைய கோப்புகள் குவிவதைப் பற்றிப் பொறுமையாக விளக்கியிருந்தார். கடைசி வரி இது: "அழிக்கவா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை, தேவையானதை யாரும் அந்தப் பெயரில் வைத்திருக்க மாட்டார்கள்."