ஏற்றத்தில் பேச்சு இல்லை

மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் அவள். "வயித்துக் கொழுப்பைக் குறைங்க. மூணு மாசத்துல சர்க்கரை இறங்கலைன்னா உங்களுக்கும் மாத்திரைதான்" என்று டாக்டர் சொன்னதும் சுருக்கென்றது. தன் கையால் தனக்கே மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

வீட்டுக்காரர் செல்போனைப் பார்த்து யோசனை சொன்னார். "விடியக்காலைல வெறும் வயித்துல நடந்தா கொழுப்பு மடமடன்னு கரையுமாம்." சொன்ன மனுஷன் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. அவள்தான் நடந்தாள். திரும்பி வந்த பசியில் ரெண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாக உள்ளே தள்ளினாள். கடையில் உட்கார்ந்தபடியே தூங்கி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

காலை நடைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கடை முடிந்ததும் அடுத்த தெரு நாத்தனாரோடு கிளம்பினாள். மகளைக் கட்டிக்கொடுத்ததிலிருந்து நாத்தனாருக்குப் பேச்சுத்துணை இல்லை. சேர்த்து வைத்ததையெல்லாம் நடையில் கொட்டினாள். கால் ஊர்ந்தது, வாய் ஓடியது. இடுப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுபடி டாக்டரிடம் போய் நின்றாள்.

"காலையோ சாயங்காலமோ, தினமும் எப்ப முடியுதோ அப்ப நடங்க. ஆனா மூச்சு வாங்கணும். ஊர்க்கதை பேசிட்டு வர முடியுதுன்னா அது நடையே இல்ல."

இதை நாத்தனாரிடம் எந்த வாயால் சொல்வது? வாயை மூடுங்கள் என்றால் வாசல்படி ஏற மாட்டாள். யோசித்து, ரயில்பாலத்து வழியாகக் கூட்டிப் போனாள். ஏற்றம் வந்ததும் நடையை எட்டிப் போட்டாள்.

"ஏண்டி... யாரு... துரத்துறா?" அதற்குமேல் நாத்தனாருக்கு மூச்சு இல்லை. உச்சியில் சமதரை வந்ததும், விட்ட இடத்திலிருந்து கதையைப் பிடித்துக்கொண்டாள். அதுவே வழக்கமாயிற்று. ஏறும்போது மூச்சு, சமதரையில் பேச்சு. இறங்கித் திரும்பினால் மறுபடி ஏற்றம்.

"பூட்டி வச்ச அலமாரியைச் சம்பந்தியம்மா திறக்குறா, உள்ள பாத்தா..." என்ற இடத்தில் ஒருநாள் ஏற்றம் வந்துவிட்டது.

"உள்ள என்ன அண்ணி?"

நாத்தனார் மேலே கையைக் காட்டினாள். அன்றைக்கு இருவரும் ஏறிய வேகத்தில், எதிரே வந்த சைக்கிள்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

"என்... புது குக்கர்டி!" என்றாள் நாத்தனார், உச்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

மூன்றாம் மாசம் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனபோது டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துத் தலையாட்டினார். "இறங்கியிருக்கு. இப்போதைக்கு மாத்திரை வேணாம்."

வெளியே பெஞ்சில் காத்திருந்த நாத்தனாரிடம் சொன்னாள். அவள் சிரித்தாள். உடனே முகம் வாடியது. "அப்ப இனிமே நடக்க வர மாட்டியா?"

"நல்லா இருக்கே! குக்கரைத் திருப்பி வாங்கினீங்களா இல்லையான்னு இன்னும் சொல்லவே இல்லையே. எழுந்திரிங்க அண்ணி, பாலத்து வழியாவே வீட்டுக்குப் போவோம்."