மீதி மூன்று கஜம்

பெற்ற தாயின் புடவையை ஒரு எவர்சில்வர் தூக்குக்குப் போட்டுவிட்டு, அதற்கு மேலும் பேரம் பேசி ஒரு கரண்டியைப் பிடுங்கிக்கொண்ட புத்திசாலியை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? இதை எழுதுகிறவன்தான் அவன்.

நடந்தது எழுபதுகளின் நடுவில், தி.நகரில். ஒரே வாசலுக்குள் நாலு குடித்தனம் இருந்த வீட்டில் பின்பக்கத்து அறையும் சமையலறையும் எங்களுடையவை. நானும் என் மனைவியும் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். என் அம்மா மயிலாப்பூர். மடி, ஆசாரம், ஒன்பது கஜம். மனைவி வீட்டார் சைதாப்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் குழம்பு. இவர்கள் முகத்தில் முழிப்பதில்லை என்று இரண்டு வீட்டிலும் முடிவெடுத்தார்கள். சம்பந்திகள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அதையும் மீறி நான் மட்டும் மயிலாப்பூருக்குப் போய் வருவேன். அம்மா காபி கொடுப்பாள், வெயில் ஜாஸ்தி என்பாள், என் சட்டைக் காலரைப் பார்ப்பாள். மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

மனைவி கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தையல் வகுப்பில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். நான் என் பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு போய்த்தான் அவளை முதலில் பார்த்தேன். பிள்ளை உண்டானதும், குழந்தையைப் போட ஒரு ஒட்டுத்துணி விரிப்பு தைக்க ஆரம்பித்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்குப் புதுத்துணி வாங்கக் கூடாது என்பதால் எல்லாம் பழைய புடவைகள்தான், துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போனவை. வீட்டுக்காரம்மா ஒன்று கொடுத்தார், பக்கத்துக் குடித்தனங்களில் ஆளுக்கு ஒன்று. அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்தாள். உள்ளே வைக்க என் பழைய வேட்டி. சுற்றிலும் வெள்ளை நூலில் குரோஷா பின்னல். அதுவும் பாதி முடிந்திருந்தது.

ஒரு நாள் மன்னி ஒரு மஞ்சள் பையோடு வந்தார். என் அண்ணன் மனைவி.

"அம்மா குடுத்து விட்டா. குழந்தையை இதுல போடணுமாம். பேர் வைக்கற அன்னிக்கு, புண்ணியாஜனத்துக்கு, அவளே வராளாம்."

பையில் இருந்தது அம்மாவின் அரக்குப் புடவை. மாம்பழக் கலரில் கரை. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து அம்மா கட்டியது. மனைவி அதை மடியில் விரித்துக் கரையை நீவிப் பார்த்தாள். பிறகு, "இது நடுவுல வரணும்" என்றாள்.

ஆனால் வெட்டவில்லை. காரணம் வீட்டுக்காரம்மா. அவர்கள் தெற்கேயிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருந்தவர்கள். "பிள்ளை பொறக்கதுக்கு முன்னாடி எதையும் முழுசாத் தச்சு முடிக்கப்பிடாது தாயி. நடுவுல ஒரு சதுரமாவது பாக்கி கெடக்கட்டும்" என்று உத்தரவு போட்டார். அதனால் அந்தப் புடவையை இன்னும் ஓரிரண்டு பழைய துணிகளோடு மூட்டை கட்டிப் பரணில் வைத்தாள். தைத்தவரைக்கும் விரிப்பு டிரங்குப் பெட்டிக்குள் போனது.

பெண் குழந்தை பிறந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் இருக்க, புதிதாகத் தகப்பனான எனக்கு ஒரு வேகம் வந்தது. வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்று கிளம்பினேன். பரணிலிருந்து ஒரு பழந்துணி மூட்டை கிடைத்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில், பழைய துணிக்குப் பாத்திரம் தரும் பாத்திரக்காரம்மாவின் குரல் கேட்டது. விதி என்று சொன்னால் விதி கோபித்துக்கொள்ளும். முழுக்க என் மூளை.

"இன்னா சார், ஊட்ல அம்மா இல்லியா?" என்று கேட்டார் அந்தம்மா.

"நான்தான் இருக்கேனே."

"ஆம்பளைங்களாண்ட நான் யாவாரம் வச்சுக்கறதில்ல சார். அப்பால அம்மா வந்து சண்ட போடும்."

"எங்க வீட்டுல நான் வச்சதுதான் சட்டம்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு வேறு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

அந்தம்மா அரக்குப் புடவையைப் பிரித்துக்கொண்டே போனார். அது முடியவேயில்லை. "அய்ய, ஒம்போது கெஜமா!" என்றார். உடனே எனக்கு வியாபார புத்தி வந்து, தூக்கோடு கரண்டியும் கேட்டு வாங்கினேன். என்ன புடவை என்று பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். நான் பார்த்தது தூக்கை. அதில் என் முகம் பளபளவென்று தெரிந்தது.

சாயங்காலம் அதிலேயே வெந்நீர் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"தூக்கு ஏதுங்க?" என்றாள் மனைவி.

"பழைய துணிக்கு. கரண்டிகூட உண்டு."

"எந்தப் பழைய துணி?"

"பரண் மேல மூட்டை கட்டி வச்சிருந்தியே..."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு அத்தை எனக்குன்னு அனுப்பினது அது ஒண்ணுதான். புண்ணியாஜனத்துக்கு வந்து எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? பாத்திரத்துக்குப் போட்டுட்டேன்னா? நீங்க போட்டீங்கன்னு சொன்னா எந்த அம்மா நம்புவாங்க?"

அவள் சொன்னது நியாயம். குற்றவாளி என்று யாரும் என்னைப் பார்க்கவே மாட்டார்கள். தண்டனை முழுக்க அவளுக்கு.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பாத்திரக்காரம்மா எந்த ஊர் என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, மாம்பலத்தில் ரயில் ஏறி சைதாப்பேட்டையில் இறங்கினேன். மார்க்கெட் பக்கம் விசாரித்து அவரைக் கண்டுபிடித்தேன். என் கையில் தூக்கைப் பார்த்ததுமே அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்பவே சொன்னேனே சார், அம்மா வந்து சண்ட போடும்னு!"

மூட்டையில் மற்றவையெல்லாம் அப்படியே இருந்தன. தூக்கை வாங்கிக்கொண்டு அவற்றைக் கொடுத்துவிட்டார். "கரண்டி எங்க?" என்று கேட்டு அதையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் அரக்குப் புடவை மட்டும் இல்லை.

"அத்த நேத்தே பட்டினப்பாக்கத்துல மீன் விக்கிற அக்கா வாங்கிக்கினு போச்சு சார். கட்டிக்கினு இருக்கும், போய்ப் பாரு."

அடுத்த நாள் காலையில் பட்டினப்பாக்கத்தில் போய் நின்றேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதுகைக் காட்டியபடி ஓர் அரக்குப் புடவை. மாம்பழக் கரை. என் வாயில் 'அம்மா' என்றே வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கினேன். ஆனால் அதற்குப் பிறகு வாயில் வந்தது அதைவிட மோசம்.

"அக்கா, நீங்க கட்டிண்டிருக்கற புடவை எனக்கு வேணும்."

அரிவாள்மனையில் வஞ்சிரம் பாதியில் நின்றது.

"இன்னாது?" என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார். "யக்கா, இங்க வந்து கேளு! இவருக்கு என் பொடவ வோணுமாம்!"

கண்மூடித் திறப்பதற்குள் என்னைச் சுற்றி ஒரு மாநாடு கூடிவிட்டது. "காலங்காத்தால ஊத்திக்கினு வந்துட்டான்" என்றது ஒரு குரல். "மூஞ்சப் பாத்தா படிச்சவன் மாரி கீது" என்றது இன்னொன்று. "அதான் இப்புடி" என்றது மூன்றாவது. அம்மா, மனைவி, குழந்தை, பரண், விரிப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உளறிக் கொட்டினேன்.

அந்த அக்கா அரிவாள்மனையைத் தள்ளி வைத்தார்.

"இரு இரு. மாமியா பேசாம இருந்து, இப்ப பொடவ குடுத்து அனுப்புச்சு. அத்தப் போயி நீ அண்டாக்குப் போட்டுட்ட?"

"அண்டா இல்லக்கா. தூக்கு."

"தூக்கா! ஒம்போது கெஜத்துக்கு அண்டாவாச்சும் வாங்க மாட்ட?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

"வேற புதுப் புடவை வாங்கித் தரேன்க்கா. இதைக் குடுத்துடுங்கோ."

"இத்த அவுக்க மாட்டேன் நைனா. இந்தக் கலரு எனக்கு நல்லா எடுக்குது" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஆனா ஒம்போது கெஜத்தையும் சுத்திக்கினு மீனு அறுக்க முடியுமா? மீதி மூணு கெஜத்தக் கிழிச்சு ஊட்ல மடிச்சு வச்சிருக்கேன். புள்ளைக்கு அது போதுமா, போதாதா?" என்றார்.

விரிப்பின் நடுவே வேண்டியது ஒரு சதுரம். அதற்காக நான் ஒரு பெண் உடுத்தியிருந்த புடவையைக் கேட்டு நடுத்தெருவில் நின்றிருக்கிறேன்!

அவர் கடையைப் பக்கத்து அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையெல்லாம் சோப்பு வாசனை. துணியை நியூஸ் பேப்பரில் சுற்றி, விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்தார். "எங்கையில மீன் வாட இருக்கும். ஒங்கம்மா மோந்து பாப்பாங்க இல்ல?" என்றார்.

பொட்டலத்துக்குள் இன்னொரு துண்டும் இருந்தது. வெளுத்த நீலத்தில், கை வைத்தால் வழுக்குகிற மாதிரி நைந்த பருத்தி.

"இது எம் பொடவ. எம் புள்ளைங்க எல்லாம் இதுல படுத்துதான் வளந்துச்சுங்க, ஒண்ணுகூட சோட போவல. ஓரமா எங்கயாச்சும் வச்சுத் தைக்கச் சொல்லு."

பணம் எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டேன். "கைய எடு. மொதல்ல ஊட்டுக்குப் போ. வழியில யாராச்சும் பாத்திரம் வித்தா நிக்காத" என்றார்.

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இன்னொரு சோதனை. பிள்ளை பெற்றவள் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று வீட்டுக்காரம்மா ஊசியையே அவள் பக்கம் விடவில்லை. "பச்ச ஒடம்புக்காரி ஊசில நூல் கோத்தா கண்ணு மங்கிப் போயிரும்" என்று தானே தைக்க உட்கார்ந்தார். பக்கத்துக் குடித்தனத்துப் பெண்களும் வந்தார்கள். எனக்கும் ஒரு பக்கம் ஓட்டுத் தையல் போடும் வேலை கிடைத்தது. முடித்துக் காட்டினேன். "தம்பி, இது தையலா, தண்டவாளமா?" என்றார் வீட்டுக்காரம்மா. மனைவி படுத்தபடியே, "பிரிச்சிடுங்க" என்றாள். பிரித்தார்கள்.

நீலத் துண்டை அடிப்பக்க மூலையில் வைக்கலாம், கண்ணில் படாது என்று நான் யோசனை சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அரக்குச் சதுரத்தை ஒட்டியே வைக்கச் சொன்னாள்.

"அந்தக்காவே ஓரமா வைன்னுதானே சொன்னாங்க?"

"அவங்க சொல்லுவாங்க. நான் வைக்க மாட்டேன்."

கடைசியில் சுற்றுப் பின்னல் பாதியில் நின்றது. குரோஷா அவளைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நாளைக்குப் புண்ணியாஜனம். வீட்டுக்காரம்மாவோ அசைய மாட்டேன் என்கிறார்.

"கண்ணுக்குத்தானேம்மா வேலை குடுக்கக் கூடாது?" என்று கேட்டாள் மனைவி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "கொக்கியக் கையில குடுங்க."

நான் வாழ்க்கையில் எத்தனையோ வித்தை பார்த்திருக்கிறேன். அந்த மத்தியானம் பார்த்ததுபோல் பார்த்ததில்லை. மூடிய கண் மூடியபடி இருக்க, இடது கை விரல் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனது. கொக்கி அதன் பின்னால் குத்தி, நூலை இழுத்து, முடிந்து, நகர்ந்தது. நடுவில் ஒரு கண்ணி தவறியதை விரலாலேயே கண்டுபிடித்துப் பிரித்துத் திரும்பப் போட்டாள். குழந்தை அழுதால் கொக்கியை வைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். பால் கொடுத்தாள். மறுபடி மூடினாள். சட்டம் போட்ட வீட்டுக்காரம்மாவே வாயில் விரல் வைத்துக்கொண்டு பார்த்தார். அன்று பொழுது சாயும் முன்பே விரிப்பு முடிந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் விளக்கு வைத்த பிறகுதான் முடிந்தது.

அம்மா மறுநாள் மன்னியோடு வந்தாள். எங்கள் வீட்டுக்குள் முதல் தடவை. மனைவி நின்றுகொண்டே இருந்தாள். அம்மா விரிப்பைக் கையில் எடுத்து நடுச் சதுரத்தைத் தடவினாள். அப்புறம் நீலத்தைத் தடவினாள்.

"இது யாரோடதுடா?"

"அது வந்தும்மா, எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இல்ல அத்தை" என்றாள் மனைவி. நேராக அம்மா முகத்தைப் பார்த்து, மூட்டையில் தொடங்கிப் பட்டினப்பாக்கம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. என்னைக் காப்பாற்றவும் இல்லை. மீதி ஆறு கஜத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் அங்கே மீன் அறுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் சொல்லி முடித்தாள்.

மன்னி தரையைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். அம்மா விரிப்பை மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அந்தக் கலர் அவளுக்கு எடுத்துதா?"

"நன்னா எடுத்ததும்மா."

"எடுக்காம என்ன. நல்ல கலராச்சே" என்றாள். விரிப்பைத் தரையில் போட்டு, நாலு மூலையும் இழுத்துவிட்டு, மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கித் தன் கையாலேயே அதில் கிடத்தினாள். குழந்தையின் தலை நீலத்தில், கால் அரக்கில். பிறகு நிமிர்ந்து பார்த்து, தன் மருமகளிடம் முதன்முதலாக ஒரு வார்த்தை பேசினாள்.

"நீ ஏன் நின்னுண்டே இருக்கே? பச்ச உடம்பு. உட்காரு."

அந்த விரிப்பு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை உதறி மடிக்கும்போதெல்லாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள் உட்பட இத்தனை பெண்கள் சேர்ந்து என் வீட்டை ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்களே என்று எனக்கு மலைப்பாக இருக்கும். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லுவேன். சொல்லச் சொல்லப் பட்டினப்பாக்கத்தில் என் வீரம் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். போன மாதம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இப்போது காலேஜில் படிக்கும் என் மகள் குறுக்கே புகுந்து சொன்னாள்:

"அப்பா, அன்னிக்கு நீ பரண்ல கை வைக்காம, பேசாம ஆபீஸ் போயிருந்தா, ஒரு பிரச்சினையும் இல்லாம இது தானா தச்சு முடிஞ்சிருக்கும்."